எர்மிலா ஒரோஸ்கோவும் நாற்பதாம் படிவமும்

எர்மிலா ஒரோஸ்கோ இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பிறர் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டுப் பிழைத்தவள். சான் இலாரியோவில் மக்கள்தொகைக் கணக்கு என்றால் அவள்தான். கொசு மருந்து அடித்தார்களா, குழாயில் தண்ணீர் வருகிறதா, எந்தப் பற்பசை, எந்த வேட்பாளர் என்று கேட்கவும் அவள்தான். காற்றாலைக்காரர்கள் வந்தபோது, "உங்கள் ஊருக்குக் காற்றாலை வருவதை விரும்புகிறீர்களா?" என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு எண்ணூறு வீடு ஏறினாள். அப்போது ஊரைச் சுற்றி ஏற்கெனவே அறுபது காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. "விரும்பலைன்னா நிறுத்திடுவாங்களா?" என்று ஜனங்கள் கேட்டார்கள். "அந்தக் கேள்வி என் தாள்ல இல்ல" என்றாள் எர்மிலா.

இந்தத் தொழிலில் ஒரு மரம் உண்டு. வெயில் ஏறிய பிறகு வீடு வீடாக அலைவதை விட்டுவிட்டு, மாமரத்தடியில் உட்கார்ந்து, இன்னார் இன்னது சொல்லியிருப்பார் என்று தானே நிரப்பிக்கொள்ளும் தாளுக்கு மாமரப் படிவம் என்று பெயர். எழுதாதவர்கள் யாருமில்லை. எர்மிலா மட்டும் ஒன்றுகூட எழுதியதில்லை. இதை நேர்மை என்று ஒரேயடியாகத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. பாதி நேர்மை, பாதி கற்பனை வறட்சி. பிறர் என்ன நினைப்பார்கள் என்று ஊகிக்க அவளுக்கு வராது, கேட்டால்தான் தெரியும். ஆனால் இருபத்து மூன்று ஆண்டுகள் ஒரு குறை நீடித்தால் ஊர் அதற்கு நல்ல பெயர் வைத்துவிடுகிறது. "எர்மிலா எழுதினா எழுதினதுதான்" என்பார்கள். புருஷன் விட்டுப் போன வீடும் இந்தப் பெயரும் தவிர அவளிடம் சொல்லிக்கொள்ளும்படி வேறு எதுவும் இல்லை. வீடு ஒழுகும்.

அந்த அக்டோபரில், வடகாற்று தொடங்கிய வாரத்தில், தலைநகரிலிருந்து டாக்டர் நூரியா எஸ்காந்தோன் வந்தாள். மனநல ஆராய்ச்சிக்காரி, முப்பத்தொரு வயது, எலும்பும் தோலுமாக இருந்தாள். முதல் நாளே சந்தையில் இரண்டு பேர் அவள் கையில் இலையில் சுற்றி வேகவைத்த சோளத் தமாலைத் திணித்துவிட்டு, இவளுக்குத் தாய் உயிரோடு இருக்கிறாளா என்று விசாரித்தார்கள்.

அவள் கொண்டுவந்தது இருபத்திரண்டு கேள்விகள். சாப்பாட்டோடு மல்லுக்கட்டி உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் நோயைக் கண்டுபிடிக்க, மாலை ஆறு மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் ஏதோ ஒரு குளிர் தேசத்தில் எழுதியவை. அங்கே நன்றாக வேலை செய்தன. இங்கே செய்யுமா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்தில் ஒரு பதில்: ஒருபோதும் இல்லை, அரிதாக, சில சமயம், அடிக்கடி, எப்போதும்.

"நாம சோதிக்கறது கேள்வித்தாளை. பொம்பளைங்கள இல்ல" என்றாள் நூரியா. அது நியாயமான பேச்சு என்று எர்மிலாவுக்குப் பட்டது. "நாப்பது பேர். இன்னிக்குக் கேக்கறோம். பதினாலு நாள் கழிச்சு அதே ஆள்கிட்ட அதே கேள்விய மறுபடி கேக்கறோம். ஒரே பதில் வந்தா தராசு சரின்னு அர்த்தம்."

"ஒரே மீனை ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி தராசுல வெச்சா எடை கொறைஞ்சிருக்குமே, டாக்டரம்மா."

"இது மீன் இல்லீங்க. மனசு. பதினாலு நாள்ல காயாது."

மீனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் படித்தவள் போலிருக்கிறது என்று எர்மிலா நினைத்துக்கொண்டாள். விதிகள் மூன்று. தாளில் இருப்பதை இருக்கிறபடியே வாசிக்க வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. இரண்டாவது முறை போகும்போது ஏன் வந்தோம் என்று சொல்லக் கூடாது, சொன்னால் முதல் பதிலை நினைவுபடுத்திச் சொல்லிவிடுவார்கள்.

எர்மிலா விதிகளைக் காப்பவள். மூன்றையும் அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டாள்.

முதல் வீடு கிரிஸ்பினாவுடையது. சந்தையில் பாலாடைக்கட்டி விற்பவள். எர்மிலாவின் மகளுக்கு ஞானத்தாய், அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று அழைத்துக்கொள்வார்கள். கதவு பாதி அகலத்துக்குத் திறந்தாலும் போதும் என்று மெலிந்தவர்கள் கட்டிய வீடு அல்ல அது. கிரிஸ்பினா வலை ஊஞ்சல் தொட்டிலில் கிடந்தாள், தொட்டில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கடந்த இருபத்தெட்டு நாட்களில், நீங்கள் பருமனாக இருப்பதாக உணர்ந்தீர்களா?" என்று எர்மிலா தாளைப் பார்த்து வாசித்தாள்.

"எதுக்கு இருபத்தெட்டு? மிச்ச ரெண்டு நாள எவன் தின்னான்?"

"தாள்ல அப்படித்தான் இருக்கு, கொமாத்ரே."

"உணர்றதாவது! கண்ணாடில தெரியுதே. கடவுள் புண்ணியத்துல எப்போதும்னு எழுது. பெருசா எழுது. என் நாத்தனா வந்தா காட்டலாம்."

"மற்றவர்கள் உங்களைச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துகிறார்களா?"

"இல்லையே. யாரு வற்புறுத்தப் போறா?" கிரிஸ்பினா எட்டி, எர்மிலாவின் மடியிலிருந்த தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "நீ சாப்பிடு, ஆறிப்போகுது. இறாலை விட்டுட்டியே. எடுன்னா எடு. எங்க வீட்டுக்கு வந்துட்டு ஒரு தமாலோட எந்திரிச்சுப் போயிடுவியா? அப்புறம் என்ன கேட்ட?"

எர்மிலா 'ஒருபோதும் இல்லை' என்று குறித்துக்கொண்டு இரண்டாவது தமாலை எடுத்தாள்.

"உணவை மறைத்து வைத்ததுண்டா?"

"மறைக்காம? போன வேலாவுல பாவாடைக்குள்ள ரெண்டு பை கொண்டுபோனேன். நண்டு, கோழி, கேக்கு எல்லாம் வந்துச்சு. அஞ்சு பை கொண்டுபோயிருக்கணும்." வேலா என்னும் புனிதர் திருவிழா விருந்தில் தட்டில் வருவதைப் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவராத பெண்ணுக்கு வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். "அடிக்கடின்னு போடு. இல்ல, எப்போதும்னு போடு."

"சாப்பிடும்போது கட்டுப்பாட்டை இழந்ததாக உணர்ந்தீர்களா?"

"கட்டுப்பாடா? நான் என்ன லாரியா, பிரேக்கு போக?"

இப்படியே நாற்பது வீடு. ஒரு நாளைக்கு நான்கு வீடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டு. வேண்டாம் என்று சொல்வதற்கு அந்த ஊரில் சாவு வீட்டில்கூட அனுமதி கிடையாது. சாப்பாட்டுக் கோளாறைத் தேடிப் போன பத்து நாளில் கேட்டவளின் பாவாடை நாடா இரண்டு முடிச்சு தளர்ந்தது.

நாற்பதாவது வீடு ஒப்துலியாவுடையது. இருபத்தொன்பது வயது, காய்ந்த இறால் வியாபாரம். பெரிய கூடையை முன்னால் வைத்துக்கொண்டு இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை. எர்மிலா வாசித்து முடிக்கும் முன்பே பதில் வந்தது. இருபத்திரண்டு கேள்வி, இருபத்திரண்டு 'ஒருபோதும் இல்லை'. நான்கு நிமிடம். பிரேக்கு, பாவாடைப் பை, நாத்தனார் எதுவும் இல்லை. எர்மிலாவுக்கு அவளைப் பிடித்துப்போனது.

பதினான்கு நாள் கழித்து எர்மிலா மறுபடி கிளம்பினாள். கிரிஸ்பினா அதே தொட்டிலில் கிடந்தாள்.

"கடந்த இருபத்தெட்டு நாட்களில், நீங்கள் பருமனாக இருப்பதாக உணர்ந்தீர்களா?"

"இதத்தான் அன்னிக்கே கேட்டியே."

எர்மிலா வாயை இறுக்கிக்கொண்டாள். விதி.

கிரிஸ்பினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எர்மிலாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. காலையில் விலை கேட்டுவிட்டுப் போன ஆள், மத்தியானம் அதே கடை முன்னால் வந்து நின்று, "பாலாடைக்கட்டி என்ன விலை?" என்று புதிதாகக் கேட்டால் கடைக்காரி பார்க்கும் பார்வை.

"சரி" என்றாள் கிரிஸ்பினா. "எப்போதும் வேணாம். அடிக்கடின்னு வெச்சுக்கோ."

"உணவை மறைத்து வைத்ததுண்டா?"

"சில சமயம். உனக்காக."

"கட்டுப்பாட்டை இழந்ததாக…"

"அன்னிக்கு ஒருபோதும் இல்லைன்னேன்ல? பாவம், இம்புட்டு வெயில்ல ரெண்டாவது தரம் வந்திருக்க. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. அரிதாகன்னு போட்டுக்கோ."

வீட்டுக்கு வீடு இதுதான் நடந்தது. முதல் முறை 'எப்போதும்' என்றவர்கள் இறங்கினார்கள். 'ஒருபோதும் இல்லை' என்றவர்கள் ஏறினார்கள். எல்லோரும் நடுவில் 'சில சமய'த்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, இதற்கு மேல் கட்டுப்படியாகாது என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்கள். எர்மிலாவுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து சந்தையில் வளர்ந்தவளுக்கு இரண்டாம் முறை கேட்டால் விலை நகரும் என்பது சூரியன் நகர்வதுபோல. தாளில் இருப்பதைக் கேட்டாள், சொன்னதை எழுதினாள்.

முப்பத்தொன்பது முடிந்தது. ஒப்துலியாவைத்தான் காணோம். சலீனா குரூசில் இருக்கும் தங்கைக்குப் பேறுகாலம் என்று போயிருந்தாள். எர்மிலா மூன்று நாள் தொடர்ந்து போனாள். வாசலில் பூட்டு, திண்ணையில் பூனை. நான்காம் நாள் காலை தாள்களை ஒப்படைக்கும் கெடு. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள், தெருமுனை மர நிழலில் மோட்டார் டாக்சிக்குக் காத்திருந்தபோது பென்சிலை எடுத்தாள். இருபத்திரண்டு 'ஒருபோதும் இல்லை'. கற்பனை வறண்டவளுக்குக்கூட எளிதான வேலை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அது மாமரமல்ல, புளியமரம் என்று அவள் வழியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்து நூரியா அவளைச் சுகாதார நிலையத்தின் பின்னறைக்கு வரச் சொன்னாள். மேசைமேல் எண்பது தாள்களும் இரண்டு அடுக்காக இருந்தன. காற்றில் பறக்காமல் இருக்க ஒன்றின்மேல் மருந்துப் புட்டி, மற்றொன்றின்மேல் செருப்பு.

"தோன்யா எர்மிலா, உக்காருங்க."

தோன்யா என்ற மரியாதையில் ஏதோ கெட்டது இருக்கிறது என்று எர்மிலாவுக்குப் புரிந்தது. அதுவரை பெயரைச் சொல்லித்தான் அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தொன்பது பேர். ஒருத்தரோட முதல் பதிலும் ரெண்டாவது பதிலும் ஒத்துப்போகல. கொஞ்சம் மாறும், அது சகஜம். இது கொஞ்சம் இல்ல. ரெண்டாவது தாள் பூரா 'சில சமயம்'. முப்பத்தொம்பது பேரும் ஒரே ஆள் மாதிரி பேசறாங்க." நூரியா சிரமப்பட்டு நிறுத்தினாள். "இந்த மாதிரி தாள நான் முன்னாடி பாத்திருக்கேன். வீட்டுக்குப் போகாம உக்காந்து எழுதினா இப்படித்தான் வரும். எழுதறவங்களுக்கு ஓரத்துல குறிக்கப் பயம். நடுவுலயே போட்டுட்டுப் போவாங்க."

எர்மிலாவின் காது சூடாகியது. "நான் மாமரத்தடில உக்காந்தேங்கிறீங்களா?"

"அப்படிச் சொல்லல. சொல்ல எனக்குக் கஷ்டமா இருக்கு. ஏன்னா உங்களால ஒழுங்கா செய்ய முடியும்." நூரியா தனியாக வைத்திருந்த இரண்டு தாளை எடுத்தாள். "இதப் பாருங்க. நாற்பதாம் எண். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. ஒரு புள்ளி மாறல. எங்க பேராசிரியருக்கே போன்ல சொன்னேன், ஒண்ணாவது அப்பழுக்கில்லாம இருக்குன்னு. எல்லாத்தையும் இந்த மாதிரி எடுத்திருந்தீங்கன்னா…"

முப்பத்தொன்பது வீட்டு வெயிலும் முப்பத்தொன்பது தட்டும் பொய்யாகி, புளியமர நிழல் உண்மையாகி மேசைமேல் கிடந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அவள் முப்பத்தொன்பது மாமரப் படிவம் எழுதியவள். வாயைத் திறந்தால் ஒன்று எழுதியவள். ஒன்று சின்ன எண்தான். ஆனால் அவள் காத்த எண் பூஜ்யம்.

"அது ஒண்ணுதான் நான் எழுதினது" என்றாள் எர்மிலா.

"ஆமா, நல்லாத்தான்…"

"நானே எழுதினது. வீட்டுக்குப் போகாம. ஒப்துலியா ஊர்ல இல்ல. மத்ததெல்லாம் அவங்க அவங்க வாயில வந்தது."

நூரியா இரண்டு தாளையும் கீழே வைத்தாள். "தோன்யா எர்மிலா. பொய் மாதிரி இருக்கறது முப்பத்தொம்பதும் நெசம், நெசம் மாதிரி இருக்கற ஒண்ணு மட்டும் பொய். இத நான் பேராசிரியர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் படிச்சவங்க." எர்மிலா எழுந்துவிட்டாள். "நாளைக்கு என்கூட வாங்க. நீங்களே கேளுங்க. நான் வாயே திறக்கல. காலைல எதுவும் சாப்பிடாம வாங்க."

மறுநாள் கிரிஸ்பினா வீட்டில் நூரியா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முழங்காலில் தாளை வைத்துக்கொண்டு, நல்ல உச்சரிப்போடு முதல் கேள்வியை வாசித்தாள். எர்மிலா சுவரோரமாக, சத்தியம் செய்தவளைப்போல வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

கிரிஸ்பினா தொட்டிலிலிருந்து எழுந்தே விட்டாள். "டாக்டரம்மாவையே கூட்டிட்டு வந்துட்டியா? அவ்வளவு தூரம் போயிடுச்சா விஷயம்?" நூரியா பக்கம் திரும்பினாள். "சரிம்மா. நீங்க இம்புட்டு தூரம் வந்ததுக்கு, பருமனா உணர்றது… சில சமயம். இதுக்குக் கீழ என்னால முடியாது. என் உடம்பப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, இதுக்குக் கீழ சொன்னா யாராச்சும் நம்புவாங்களா?"

நூரியா தாளைக் கவிழ்த்து வைத்தாள். விதியை மீறப் போகிறாள் என்று எர்மிலாவுக்குத் தெரிந்தது. "நீங்க முதல் தடவ எப்போதும்னு சொன்னீங்க. அப்புறம் அடிக்கடி. இப்ப சில சமயம். ஏன் மாத்தறீங்க?"

"மாத்தறேனா? எறக்கறேன்." கிரிஸ்பினாவுக்கு நிஜமாகவே மனம் புண்பட்டது. "ஒருத்தர் திரும்பி வந்து கேட்டா அப்பவும் முதல்ல சொன்னதையே சொல்றதா? எனக்கு என்ன அவ்வளவு திமிரா? அப்படி ஒருத்தி சந்தைல இருந்தா, மாதா சத்தியமா, அவகிட்ட பூனைகூட வாங்காது."

"ஆனா உண்மையான பதில்னு ஒண்ணு இருக்குமில்ல?"

"அதத்தானே மொத நாளே சொன்னேன்! குண்டா இருக்கேன், நல்லா இருக்கேன். உங்களுக்கு அது போதல. இவளை மறுபடி அனுப்பினீங்க. இவ வாயத் திறந்து எதுக்குன்னும் சொல்லல, ஊமை மாதிரி நின்னா. நான் என்னன்னு நெனைக்கிறது? என் பதில் எங்கயோ விலை போகலன்னு நெனைச்சேன். ஏம்மா, தட்டத் தொடவே இல்லையே நீங்க? எர்மிலா, இந்தப் பொண்ணு எப்பவும் இப்படியா? கேள்விய இவகிட்டக் கேட்டியா மொதல்ல?"

நூரியா தட்டைத் தொட்டாள். தொட்டதோடு விடவில்லை கிரிஸ்பினா.

அன்று ஏழு வீடு போனார்கள். ஏழிலும் விலை நகர்ந்தது. டாக்டர் நேரில் வந்த மரியாதைக்கு மூன்று பேர் 'சில சமயம்' வரை ஏறினார்கள். ஒருத்தி, இன்னும் ஒரு தரம் வந்தால் 'அடிக்கடி' தருவதாகக் கதவுவரை வந்து சொன்னாள். நான்காவது வீட்டில் நூரியா இடுப்புப் பட்டையை அவிழ்த்தாள். ஆறாவது வீட்டில், யாரும் பார்க்காதபோது, இலையில் சுற்றிய தமால் ஒன்றைத் தாள் பைக்குள் தள்ளினாள்.

தெருவில் இறங்கியதும் எர்மிலா, "உணவை மறைத்து வைத்ததுண்டா?" என்றாள்.

"எழுதாதீங்க" என்றாள் நூரியா. கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது, வயிறு நிறைந்திருந்ததால் சிரிக்கவும் முடியவில்லை, ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு தேசத்துல கேட்ட கேள்வி. மெஷின்ல போட்டுப் புழிஞ்சு எடுத்த கேள்வி. இவங்க அதோட பேரம் பேசறாங்க."

"நீங்க சொல்லக் கூடாதுன்னீங்க. அதான் பேரம். ஏன் வந்தோம்னு சொல்லியிருந்தா…"

"தெரியுது, தெரியுது. தப்பு எங்க மேலதான்." நூரியா நின்றாள். "உங்க மேல சந்தேகப்பட்டது என் தப்பு, தோன்யா எர்மிலா. முப்பத்தொம்பதும் நெசம். நான் எழுதி அனுப்பறேன். அந்த நாப்பதாவத விட்டுடுவோம். வடகாத்துல பறந்துடுச்சுன்னா அக்டோபர்ல யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. பேராசிரியர்கிட்ட நான் சமாளிச்சுக்கறேன். உங்க பேரு அப்படியே இருக்கும்."

அது பெருந்தன்மை. எர்மிலா நன்றி சொன்னாள். வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பெருந்தன்மை செருப்பில் புகுந்த மணல்போல அவளை உறுத்தியது. யாருக்கும் தெரியாது என்பதும் நடக்கவில்லை என்பதும் ஒன்றாகிவிடாது. அதுவும் அன்றி, ஒப்துலியா என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. ஒரு தாள் கேட்கப்படாமல் கிடந்தது. இருபத்து மூன்று ஆண்டு வழக்கம் அவளைச் சும்மா விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒப்துலியா ஊர் திரும்பிவிட்டாள் என்று கேள்விப்பட்டு எர்மிலா போனாள். கூலி கிடையாது. கையில் வெற்றுத் தாள் ஒன்று. ஒப்துலியா வாசற்படியில் குனிந்து கூடையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மறுபடியுமா?" என்றாள் நிமிராமல். "எல்லார்கிட்டயும் ரெண்டாவது தரம் வந்தியாமே. எனக்கும் அதேதான். ஒருபோதும் இல்லை. எழுதிட்டுப் போ."

"அத ஏற்கெனவே எழுதிட்டேன்" என்றாள் எர்மிலா. "நீ ஊர்ல இல்லாதப்போ. உன் பேர்ல, உன்னக் கேக்காம, மரத்தடில உக்காந்து நானே எழுதிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

ஒப்துலியா முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தாள். "நீயா?"

"நான்தான்."

"எர்மிலா ஒரோஸ்கோவா? மாமரத்தடிலயா?"

"புளியமரம்."

ஒப்துலியா சிரித்தாள். அடக்க முடியாமல் சிரித்து, கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஊருக்குச் சொல்லட்டுமா?"

"சொல்லு."

சிரிப்பு மெல்ல நின்றது. "என்ன எழுதின எனக்கு?"

"இருபத்திரண்டும் ஒருபோதும் இல்லைன்னு. நீ மொத தரம் சொன்னபடியே."

"டாக்டரம்மா என்ன சொன்னா?"

"ஊர்லயே அப்பழுக்கில்லாத தாள் உன்னோடதுதான்னு சொன்னா."

ஒப்துலியா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது, யாருமில்லை. "உள்ள வா" என்றாள். கதவைச் சாத்தினாள். அந்தத் தெருவில் பகலில் கதவைச் சாத்தும் வழக்கமில்லை.

"அதுல யார் பேர் இருக்கும்?"

"உன் பேர் இருக்காது. நாப்பதுன்னு எண் மட்டும். கீழ என் பேர் இருக்கும். கேட்டது எர்மிலா ஒரோஸ்கோன்னு."

"கேளு. மெதுவா கேளு. அன்னிக்கு நீ குதிரை மாதிரி ஓட்டின."

"நான் பேரம் பேச வரல, ஒப்துலியா. முன்னாடி சொன்னதையே சொன்னாலும் எழுதிக்குவேன்."

"தெரியும். கேளு."

எர்மிலா கேட்டாள். மூன்றாவது கேள்விக்கு ஒப்துலியா, "அடிக்கடி" என்றாள். சாப்பிட்டதை வெளியேற்றுவது பற்றிய கேள்விக்கு எழுந்துபோய்ப் பாலை அடுப்பில் வைத்தாள், பிறகு, "எப்போதும்" என்றாள். "தங்கச்சி வீட்டுல கண்டுபிடிச்சுட்டா. அதான் பேறுகாலம் முடியறதுக்குள்ள கிளம்பி வந்துட்டேன். இங்க தெரியாது. விருந்துல மொத ஆளா உக்காந்து தின்னுவேன், யாருக்கும் சந்தேகம் வராது." கட்டுப்பாட்டை இழப்பது பற்றிக் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. எர்மிலா வாசிப்பதை வாசித்தாள், எழுதுவதை எழுதினாள், விளக்கம் சொல்லவில்லை. அவளுக்கு விளக்கம் எதுவும் தெரியாது. இருபத்திரண்டும் முடிந்தபோது அடுப்பில் பால் வற்றிப்போயிருந்தது.

"இது நோயா?" என்றாள் ஒப்துலியா.

"எனக்குத் தெரியாது. நான் கேக்கறவ. டாக்டரம்மா வியாழக்கிழமை வரைக்கும் சுகாதார நிலையத்துல இருக்கா. நல்லவதான். கொஞ்சம் அவசரக்காரி."

"நீ கூட வருவியா?"

"வரேன்."

"நீ எங்கயும் வாயத் திறக்க மாட்டியே?"

"இருபத்து மூணு வருஷத்துல இந்த ஊர்ல எவ எவ எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டான்னு எனக்குத் தெரியும். சொல்லியிருக்கேனா?"

திங்கட்கிழமை காலை நூரியாவின் மேசையில் எர்மிலா புதிய தாளை வைத்தாள். நூரியா வாசித்தாள். மேலிருந்து கீழாக ஒரு முறை, பிறகு மறுபடி. நாற்காலியை மேசையிலிருந்து தள்ளிப் போட்டாள். இந்தத் தாளுக்காகத்தான் அவள் இந்த ஊருக்கே வந்திருக்கிறாள் என்று எர்மிலாவுக்குத் தோன்றியது.

"இதச் சேக்கணும்" என்றாள் நூரியா கடைசியில். "ஆனா இதச் சேத்தா, முன்னாடி இருந்தது என்னாச்சுன்னு கேப்பாங்க. அது அப்பழுக்கில்லாததுன்னு பேராசிரியர்கிட்ட அன்னிக்கே போன்ல சொல்லிட்டேன். காத்துல பறந்துச்சுன்னு இனி சொல்ல முடியாது."

"எதுக்குச் சொல்லணும்? அத இப்படிக் குடுங்க."

நூரியா பழைய தாளைத் தயங்கித் தயங்கி நீட்டினாள். எர்மிலா மேசையிலிருந்த பேனாவை எடுத்தாள். பென்சில் போதாது. அப்பழுக்கில்லாத இருபத்திரண்டு குறிகளின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அதன்மேல் பள்ளிப்பிள்ளை கையெழுத்தில் எழுதினாள்: 'இது யாரும் சொன்னது அல்ல. கேட்காமல் நான் எழுதியது.' கீழே தன் முழுப்பெயரையும், தாய்வழிப் பெயரையும் சேர்த்து, ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறபடியே இட்டாள். தேதியும் போட்டாள்.

"இத ஏன் இவ்வளவு பெருசா…" என்று ஆரம்பித்தாள் நூரியா.

"மத்த முப்பத்தொம்பதையும் நம்பணுமே" என்றாள் எர்மிலா.

ஒப்துலியா ஊருக்குச் சொல்லவில்லை. எர்மிலாதான் சொன்னாள், அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் எடுக்கும்போது, நகராட்சிக் கூடத்தில், எல்லோர் முன்னாலும். எழுத்தர் வழக்கம்போல அவளைப் புது ஆட்களுக்கு அறிமுகப்படுத்தினார்: "இவங்கதான் எர்மிலா. இத்தன வருஷத்துல மாமரப் படிவம் ஒண்ணுகூட எழுதாதவங்க."

"ஒண்ணு" என்றாள் எர்மிலா.

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. கிரிஸ்பினா பின்வரிசையிலிருந்து, "ஒண்ணுதானா? அரைன்னு எறக்கிக்கயேன், கொமாத்ரே" என்று கத்தினாள்.

"இறங்காது" என்றாள் எர்மிலா. அன்று வியாழக்கிழமை. மனநல மருத்துவர் ஒருவர் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, வியாழக்கிழமைகளில், தலைநகரிலிருந்து சுகாதார நிலையத்துக்கு வரத் தொடங்கியிருந்தார். எர்மிலா தன் பங்குத் தாள்களை எண்ணி வாங்கிக்கொண்டு, ஒப்துலியாவைக் கூட்டிப்போக அவள் வீடு இருந்த பக்கமாக நடந்தாள்.